நாற்பத்தொரு தோன்பிகளும் ஒரு திரேசம்மாவும்

அந்த ஊரில் தோன்பி என்ற பெயரை நாற்பத்தொரு இடங்களில் எண்ணிவிட்டேன். வீதி, ஒழுங்கை, குன்று, குளம், குளத்தின் வாயில் ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் சில்லு சுழலாமல் நிற்கும் ஒரு பழைய மா ஆலை, பள்ளிக்கூடம், நூலகம், பல் வைத்தியர் இருக்கும் கட்டடம், நாய்கள் ஓடித் திரிய வேலி போட்ட ஒரு புல்வெளி. கடற்கரையில் ஒரு பாறைக்கும் அதே பெயர். முதலாவது தோன்பி கப்பலால் இறங்கி அதில்தான் கால் வைத்தாராம். பாறையைச் சுற்றிச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், அது எங்கேயோ ஓடிவிடும் என்று பயந்ததுபோல.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது அந்தச் சிற்றூர். என் மகன் முரளி அங்கே வீடு வாங்கியிருக்கிறான். நான் அவனோடு இருக்கிறேன். அவன் வேலைக்குப் போனால் நான் நடப்பேன், நடந்தால் எண்ணுவேன். கிளிநொச்சியில் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து, காட்டை வெட்டிப் பிரித்த துண்டுகளுக்கெல்லாம் இலக்கம் போட்டவன் நான். ஓய்வு பெற்றதோடு கை நின்றது, கண் நிற்கவில்லை.

ஒரு நாள் தோன்பி இல்லத்துக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் ஓர் ஊரில் குடியேறினால் அந்த ஊரின் பழைய குடும்பத்தை ஒரு தடவை கண்டு கதைத்துவிட்டு வருவது மரியாதை. வெறுங்கையோடு போவதும் சரியில்லை. மருமகள் சுட்ட முறுக்கில் ஒரு பை கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி திறந்தார்.

"தோன்பி குடும்பத்தாரைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"இது அருங்காட்சியகம் ஐயா. கடைசித் தோன்பி வீட்டை விற்றுவிட்டு வெயில் உள்ள மாநிலம் ஒன்றுக்குப் போய்விட்டார். இப்போது இந்த ஊரில் ஒரு தோன்பியும் இல்லை."

நாற்பத்தொரு பெயர். ஆள் பூச்சியம். எனக்குக் கணக்கு உதைத்தது.

"தோன்பி குளத்துக்கு அவர்கள் வருமுன் என்ன பெயர்?"

"பழங்குடிகள் ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. தோன்பிதானே இங்கே முதல் ஆள்." பழங்குடிகள் என்ற சொல்லும் முதல் ஆள் என்ற சொல்லும் ஒரே மூச்சில் வந்தன. முறுக்கில் ஒன்றைக் கடித்து, உறைக்கிறது என்றார். மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

முரளிக்கு இதைச் சொன்னபோது அவன் பிடித்துக்கொண்டது வேறு நுனியை. "பாருங்கோ அப்பா, ஆக்கள் போயும் பேர் நிக்குது. பேர் எண்டா உப்பிடி நிக்க வேணும்."

அவன் ஏற்கெனவே எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டக் கொடுத்திருந்தான். கிளிநொச்சிக்குக் கிழக்கே, நெல் வயல்களுக்கு நடுவே உள்ள குடியேற்றம் அது. கந்தோர்க் கடதாசியில் அதன் பெயர் ஏழாம் வாய்க்கால். என் தகப்பனார் அம்பலவாணர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே முதலாவது காணியை எடுத்தவர். தரிப்பிடத்தில் அவருடைய பெயரில் கல், சந்திக்கும் அம்பலவாணர் சந்தி என்ற பெயர் என்று ஊர்ச் சங்கமும் முரளியும் பேசி முடித்திருந்தார்கள். கல்லைப் பதித்துத் திறந்துவைக்க நான் போகவேண்டும். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தகப்பன் பெயரைக் கல்லில் பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது?

விமானத்தால் இறங்கிய கையோடு கிளிநொச்சி பஸ் ஏறினேன். வவுனியாவைத் தாண்டியதும் என் நாரி எலும்பு இருக்கையோடு சண்டை பிடிக்கத் தொடங்கியது. பஸ் புளியங்குளம் வரைக்கும் தாக்குப்பிடித்து, சந்தியில் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. ஏதோ பட்டி அறுந்துவிட்டதாம். சாரதி எதிர்க் கடையில் வெற்றிலை வாங்கப் போனார். அவருடைய அவசரமில்லாத நடையைப் பார்த்ததும் எனக்கு மாத்திரை போடும் நேரம் ஞாபகம் வந்தது. மாத்திரைப் பை மேல் தட்டில், அதற்கு மேல் யாரோ ஒருவருடைய உர மூட்டை.

ஒரு பெடியன் மூட்டையைத் தூக்கித் தந்தான். மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் பிட்டும் மீன் குழம்பும் எடுத்தேன். தோன்பி உணவகத்தில் தோன்பி சூப் என்று பாலில் சிப்பியைப் போட்டுத் தருவார்கள். குடித்தால் வாய்க்குள் ஒன்றும் நடக்காது. இந்தக் குழம்பில் முதல் கவளத்திலேயே மூக்கு திறந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கட பஸ் தரிப்பிடம் முடிஞ்சுதே?"

"முடிஞ்சு கன நாள். லண்டன்காரன் தாயின்ரை பேரிலை கட்டினவன். மத்தியானத்திலை ஆடு படுக்குது."

"ஆடெண்டாலும் படுக்குதே. எங்கடையிலை அதுவும் இல்லை."

பட்டி மாற்றி பஸ் புறப்பட்டதும் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். கிளிநொச்சி வரைக்கும் இருபத்தாறு கற்கள். தரிப்பிடத்தில், பள்ளிக்கூட வாசலில், கோயில் மணிக்கோபுரத்தில், கிணற்றுக் கட்டில். வாசித்த எல்லாம் "அமரர்" என்று தொடங்கி "ஞாபகார்த்தமாக" என்று முடிந்தன. கட்டியவர்கள் கனடாவில், லண்டனில், நோர்வேயில். அமெரிக்காவில் ஒரு குடும்பம் முழு ஊரையும் பிடித்தது. இங்கே ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு கூரையைப் பிடித்திருக்கிறது.

மறுநாள் காலை கிளிநொச்சியில் உள்ளூர் பஸ் ஏறினேன். "ஏழாம் வாய்க்கால் ஒண்டு" என்றேன்.

கொண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஏழு ஐயா? இந்தப் பக்கம் எல்லாத்துக்கும் ஏழு இருக்கு."

நான் வாய்க்கால், பிரதான மதகு, பழைய சங்கக் கடை என்று அடையாளம் சொல்லச் சொல்ல அவருடைய முகம் இன்னும் குழம்பியது. பின்னால் இருந்து ஒரு பெண் குரல் வந்தது. "உந்த ஐயா திரேசம்மா சந்தியை எல்லே சொல்லுறார்!"

"அதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா" என்று ரிக்கற்றைக் கிழித்தார். எனக்குச் சுள்ளென்றது. அந்தக் காணிகளுக்கு இலக்கம் போட்டவன் நான். எனக்கே வழி சொல்கிறார்கள். சண்டை முடியுமுன் ஊரை விட்டுப் போன எனக்குத் தெரியாத யார் இந்தத் திரேசம்மா?

இறங்கியதும் தெரிந்தது. புதுத் தரிப்பிடம் வெள்ளையடித்து நின்றது. அதற்கு முன்னால், சரியாக நடுவில், தகரக் கூரை போட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. அடுப்புக்குப் பின்னால் அறுபது கடந்த ஒரு பெண். கழுத்தில் சிலுவை, தோளில் துவாய், கையில் ரொட்டி தட்டிய மா.

"இருங்கோ ஐயா. வெயிலிலை வந்திருக்கிறியள்" என்றார். பிறகு முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "நீங்கள் அம்பலவாணற்றை மூத்தவர் எல்லே? அந்த நெத்தி தெரியுது."

"அப்பாவை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"காணேல்லை. படம் கண்டிருக்கிறன். உங்கட பழைய வீட்டிலை இருக்கிற உங்கட தங்கச்சியின்ரை சுவரிலை தொங்குது. சீனி போடவோ?"

"வேண்டாம். சீனி வருத்தம்."

"அப்ப பனங்கட்டி கடியுங்கோ, ஒரு துண்டு. செத்துப்போக மாட்டியள்."

செத்துப்போகவில்லை. பக்கத்தில் தேத்தண்ணி குடித்த உழவு மெசின்காரர் ஒருவர் கதையைச் சொன்னார், திரேசம்மா இடையிடையே திருத்தினார். அவர் முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். சண்டை முடிந்து முகாமிலிருந்து சனத்தைக் கொண்டுவந்து விட்டபோது அவருடைய கரைக்குப் போக இன்னும் விடவில்லை. பஸ் இந்தச் சந்தியில் நின்றது, இறங்கினார். அன்று இங்கே கூரை இல்லை, மதில் இல்லை, வீதி எது வளவு எது என்றுகூடத் தெரியவில்லை. மூன்று கல்லை வைத்துக் கேத்தலை ஏற்றினார்.

"பிறகு ஒவ்வொருத்தரா வந்தவை" என்றார் மெசின்காரர். "வாற ஆள் முதல் இவவட்டைத்தான் கேக்கிறது, ஆர் வந்தாச்சு, ஆர் இல்லை எண்டு. என்ரை தமையன் உயிரோடை இருக்கிறான் எண்டு எனக்குச் சொன்னது இவாதான்."

"நான் சும்மா சொன்னனானே? அவன் காலமை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுக் காசு தராமல் போனவன். அதுதான் ஞாபகம் இருந்தது" என்றார் திரேசம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கரை திறந்தபோது அவர் போகவில்லையா என்று கேட்டேன். "போய்ப் பாத்தனான்" என்றார். ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

சங்கச் செயலாளர் யோகராசா மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஒரு பக்கமாக அழைத்தார். நல்ல பிள்ளை, வேலைகாரன், ஆனால் காதோரம் வந்து கதைக்கும் பழக்கம். "கல்லு ஓடர் குடுக்க வேணும் ஐயா. மற்றது, திறப்பு விழாவுக்கு முதல் உந்தத் தகரக் கொட்டிலை இஞ்சையிருந்து எழுப்ப வேணும். தரிப்பிடத்தை மறைக்குது."

"எழுப்பி எங்கை விடுறது?"

"பின்னாலை, வாய்க்கால் கரையிலை ஒரு துண்டு இருக்கு. இல்லாட்டி அவா தன்ரை ஊருக்குப் போகலாம்தானே. அவா வந்தேறின ஆள் ஐயா. இஞ்சை முதல் ஆள் உங்கட அப்பாதானே. அதுக்கு முந்தி இஞ்சை வெறும் காடு, ஒருத்தரும் இல்லை."

ஒருத்தரும் இல்லை. அருங்காட்சியகப் பெண்மணியின் கழுத்தட்டை என் கண்முன் ஆடியது. அப்பாவே எனக்குச் சொல்லியிருக்கிறார், காடு வெட்டும்போது உடைந்துபோன ஒரு குளக்கட்டைக் கண்டதாக, மருத மரத்தடியில் எண்ணெய் பூசிக் கறுத்த ஒரு கல்லைக் கண்டதாக. எண்ணெய் பூச யாரோ இருந்திருக்கிறார்கள். அந்தக் குளத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதற்கு மேல் ஏழு என்று இலக்கம் போட்டுப் படத்தை மடித்துவைத்தது எங்கள் கந்தோர். அப்பாவும் பெட்டியோடு வந்து இறங்கியவர்தான். எல்லாத் தோன்பியும் எங்கிருந்தோ வந்து இறங்கியவர்கள்தான்.

"தம்பி, அப்பாவும் வந்தேறினவர்தான்" என்றேன்.

"அது வேறை ஐயா."

"எப்பிடி வேறை?"

அவர் தலைக்கவசத்தைத் துடைத்தார். பின்னேரம் முரளிக்குப் போன் எடுத்தேன்.

"கல்லிலை திரேசம்மா சந்தி எண்டு போடப் போறன்."

"ஆர் அப்பா திரேசம்மா?"

சொன்னேன். "அப்பா, நான் அப்பப்பாவுக்கு எண்டு எல்லே கட்டிக் குடுத்தனான்."

"உன்ரை அப்பப்பாவின்ரை காணியை இப்பவும் அம்பலவாணற்றை வயல் எண்டுதான் சொல்லுகினம். அந்தப் பேரை ஒருத்தரும் வைக்கேல்லை, தானா வந்தது. அவருக்கு அது போதும்."

"அப்ப சந்திக்கும் வைச்சா என்ன பிழை?"

"சந்திக்கு ஆள் இருக்கு. அவவை எழுப்பிப்போட்டு அவரை வைக்க ஏலாது. உங்கை நாப்பத்தொரு பேர்ப் போட் இருக்கு, ஒரு ஆள் வந்து கதவு திறக்கேல்லை. இஞ்சையும் அப்பிடி ஒண்டு வேணுமெண்டால் நீ வந்து நட்டுப்போட்டுப் போ. நான் நடமாட்டன்."

அவன் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான். நான் சொன்னதை மாற்றவில்லை.

அடுத்த நாள் திரேசம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கேத்தலை இறக்காமல் கேட்டார். "போடுறதெண்டா போடுங்கோ. போடாட்டியும் பஸ் நிக்கும்."

"பேர் கல்லிலை இருந்தால் உங்களை ஒருத்தரும் எழுப்பேலாது."

அதற்குத்தான் கேத்தலை இறக்கினார். "அப்ப போடுங்கோ" என்றார். "நான் எத்தினை தரம் எழும்பிட்டன் எண்டு உங்களுக்குத் தெரியாது ஐயா. இனி எழும்ப மாட்டன்."

கிளிநொச்சியில் பிரதான வீதியோரம் கல் வெட்டுகிறவரிடம் போனேன். கறுப்புக் கல், பொன் நிற எழுத்து. ஒரு துண்டுக் கடதாசியில் "திரேசம்மா சந்தி" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்து, தலையை மெல்ல ஆட்டி, "நல்ல மனுசியாய் இருந்திருப்பா" என்றார். நான் "ஓம், நல்ல மனுசி" என்றேன். அவருடைய வார்த்தை எந்தக் காலத்தில் நிற்கிறது என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு உடம்பில் சீனி இறங்கத் தொடங்கியிருந்தது, சாப்பாட்டுக் கடையைத் தேடி ஓடினேன்.

விழாவன்று காலை கல்வெட்டுக்காரரின் ஆள் வந்து கல்லைப் பதித்துவிட்டுப் போனான். துணியால் மூடியே இருந்தது. சீமெந்து குழைத்த வாளியைப் பின்னேரம் எடுப்பதாகச் சொல்லித் தூணடியில் விட்டுப் போனான். யோகராசா முகத்தைத் தூக்கிக்கொண்டாலும் வேலைகளில் குறை வைக்கவில்லை. நிறைகுடம், குத்துவிளக்கு, இருபது கதிரை. சனம் அறுபத்து மூன்று. தேத்தண்ணி யார் கொடுப்பது என்ற கேள்வி எழவில்லை, திரேசம்மா தன் அடுப்பில் நின்றார். நாடாவை நான் வெட்டினேன், துணியை மெசின்காரர் இழுத்தார்.

கறுப்புக் கல்லில் பொன் எழுத்து மின்னியது. அமரர் திரேசம்மா சந்தி.

முன் கதிரையில் இருந்த ஒரு வயதானவர், கண் சரியாகத் தெரியாதவர், பக்கத்தில் உள்ளவர் வாசித்துச் சொன்னதும் உரத்துக் கேட்டார். "அட கடவுளே, எப்ப செத்தவா? காலமைதானே ரொட்டி தந்தவா!"

எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அந்தக் கல்லைத் துணி விலக்கி ஒரு தடவை பார்க்கவில்லை. யோகராசா கல்வெட்டுக்காரருக்கு எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போனை உயர்த்திப் பிடித்தார். "ஐயா எழுத மறந்திட்டார் எண்டு நான்தான் சேர்த்தனான்" என்றது குரல். "உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஆர் அண்ணை கல்லு வெட்டுறது? இத்தினை வருசத்திலை ஒருத்தரும் கேட்டதில்லை."

அவரைக் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு கற்களை நானே எண்ணி வந்தவன்.

"அபசகுனம்" என்றார் யோகராசா. குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "கழட்டுவம். நான் முதலே சொன்னனான், அம்பலவாணர் எண்டு போட்டிருந்தால் எல்லாம் முறைப்படி இருந்திருக்கும். அவர் காலமான ஆள். கல்லும் சரி, கொட்டிலும்—"

திரேசம்மா தட்டத்தோடு கூட்டத்துக்குள்ளால் வந்தார். தட்டத்தை என் கையில் தந்தார், இருபது கோப்பை, நான் அசையாமல் பிடித்தேன். கல்லுக்கு முன்னால் நின்று எழுத்து எழுத்தாக வாசித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் செத்த வீட்டு எட்டுச் செலவும் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "ஆர் சமைச்சது? என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை!"

அறுபத்திரண்டு பேர் வெடித்துச் சிரித்தார்கள். யோகராசா மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, பகிடி இல்லை. கழட்டத்தான் வேணும்."

"ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றார் திரேசம்மா. சிரிப்பு நின்றுவிட்டது. "செல்லடிச்சுச் சாகேல்லை. முகாமிலை தண்ணி இல்லாமல் சாகேல்லை. ஒரு கல்லு வெட்டி என்னைச் சாக்காட்டப் போறியளோ? என்ரை பேர் அதிலை கிடக்கு. கிடக்கட்டும்."

தூணடியில் இருந்த வாளியை இழுத்தார். அடியில் சீமெந்து இன்னும் ஈரமாக இருந்தது. ரொட்டி மா பிசைகிற அதே கையால் ஒரு பிடி எடுத்து, பெருவிரலால் முதல் எழுத்துக்குள் அழுத்தினார். பிறகு அடுத்தது. நாலு எழுத்தும் மூடும் வரைக்கும் நிறுத்தவில்லை. துவாயால் ஒரு தடவை துடைத்தார். "திரேசம்மா சந்தி" மட்டும் மின்னியது, அதற்கு முன்னால் ஒரு சாம்பல் நிறத் திட்டு.

"முன்னுக்கு வெறுமையாய்க் கிடக்கே" என்று மெசின்காரர் சொன்னார். "கறுப்புப் பெயின்ற் அடிச்சு விடுவமோ?"

"வேண்டாம்" என்றார். "அந்த இடம் பிறகு தேவைப்படும். அவசரமில்லை." கையைக் கழுவிவிட்டு யோகராசாவைப் பார்த்தார். "தம்பி, பேய் போட்ட தேத்தண்ணி குடிப்பியோ, இல்லைப் பயமோ?"

யோகராசா என் தட்டத்திலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். அதன் பிறகு கொட்டிலை எழுப்பும் கதையை யாரும் எடுக்கவில்லை.

முரளிக்குப் படம் அனுப்பினேன். கல்லும், தரிப்பிடமும், அதை மறைத்துக்கொண்டு நிற்கும் தகரக் கூரையும் தெரிந்தன. அவன் கோபம் முழுவதும் ஆறாத குரலில் எடுத்தான். "எழுத்து ஏன் நடுவிலை இல்லை, ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடக்கு? முன்னுக்கு ஏன் இடம் விட்டிருக்கு?"

அந்த நேரம் கிளிநொச்சி பஸ் வந்து நின்றது. "திரேசம்மா சந்தி இறங்கு!" என்று கொண்டக்டர் கத்தினார். "இறங்கிறாக்கள் ஓரமா இறங்குங்கோ, அடுப்பிலை முட்டாமல்!" என்று திரேசம்மா திருப்பிக் கத்தினார்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னேன். "ஆள் இருக்கிறா, தம்பி."